வெள்ளைப் பின்னணியில் வெள்ளைச் சட்டை: பொன்விழா மலருக்காக எடுத்த 43 படங்கள்

பள்ளிக்கூடம் ஒன்றின் பொன்விழா மலருக்குப் படம் எடுத்துத் தரும் வேலை. இப்போது பணியில் இருக்கும் ஆசிரியர்கள், ஓய்வுபெற்றவர்கள், அலுவலகத்தில் இருப்பவர்கள் என்று மொத்தம் 43 பேர். ஆளுக்கு ஒரு மார்பளவுப் படம். பின்னணி சுத்த வெள்ளையாக வேண்டும், மலரின் தாளோடு அது கலந்துபோய் ஆள் மட்டும் பக்கத்தில் நிற்பதுபோல் தெரிய வேண்டும் என்று மலர்க்குழு கேட்டிருந்தது. ஒரே நாளில் முடியும் வேலை என்று நினைத்து ஒப்புக்கொண்டேன். முடிக்க மூன்று சனிக்கிழமைகள் ஆயின.

முதல் சனிக்கிழமை எடுத்த படங்களில் பின்னணி சாம்பலாக வந்தது. இரண்டாம் சனிக்கிழமை பின்னணி வெள்ளையானது, ஆனால் பெரியவர்களின் நரைமுடியும் சட்டைத் தோளும் அந்த வெள்ளைக்குள்ளேயே போய்விட்டன. இந்த இரண்டும் எப்படி நேர்ந்தன, எந்த அளவை மாற்றியதும் சரியானது என்பதை எண்களோடு எழுதி வைக்கிறேன். சிறிய அறையில் இதே வேலையைச் செய்யும் யாருக்காவது ஒரு சனிக்கிழமை மிச்சமாகட்டும்.

அறையும் சாமானும்

என் ஸ்டுடியோ தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு சிறிய ஊரில், கடைத்தெரு மாடியில் இருக்கிறது. 12 அடி அகலம், 20 அடி நீளம், 10 அடி உயரம். சுவரில் அப்போது இளம்பச்சைப் பெயிண்ட் இருந்தது. இந்த நிறம் பின்னால் ஒரு தொல்லையாக வருகிறது, அதனால்தான் சொல்கிறேன். 400 வாட்-செகண்ட் ஃப்ளாஷ் இரண்டு, 200 வாட்-செகண்ட் ஃப்ளாஷ் இரண்டு, ஃபுல் ஃபிரேம் கேமரா, 85 மி.மீ. லென்ஸ், கையில் பிடிக்கும் லைட் மீட்டர் ஒன்று. பின்னணிக்கு 2.72 மீட்டர், அதாவது ஏறக்குறைய 9 அடி அகலமுள்ள வெள்ளைக் காகித ரோல். இந்த ரோல்கள் பொதுவாக இந்த அகலத்திலும், இதில் பாதியான 1.35 மீட்டரிலும் கிடைக்கின்றன.

முதல் சனிக்கிழமை: சாம்பல் பெட்டிகள்

பாஸ்போர்ட், விசாப் படங்களுக்கு எப்படி உட்கார வைப்பேனோ அப்படியே வைத்தேன். காகிதத்திலிருந்து 3 அடியில் ஸ்டூல். முகத்துக்கு ஒரு பக்கமாக மேலே சாஃப்ட்பாக்ஸ் (ஃப்ளாஷ் ஒளியைத் துணி வழியாக மென்மையாக்கும் பெட்டி), மறுபக்கம் வெள்ளைத் தெர்மாகோல். ஸ்டூலுக்குப் பின்னால் ஆள் மறைக்கும் இடத்தில் குட்டையான ஸ்டாண்டில் 200 வாட் ஃப்ளாஷ் ஒன்று, காகிதத்தைப் பார்த்து. முகத்தில் மீட்டர் எஃப்/8 காட்டியது (எஃப் எண் பெரிதாகக் காட்டினால் அங்கே விழும் ஒளி அதிகம்). ஐஎஸ்ஓ 100, ஷட்டர் 1/125. கேமராத் திரையில் பின்னணி வெள்ளையாகவே தெரிந்தது. 19 பேரை எடுத்து அனுப்பினேன்.

திங்கட்கிழமை அச்சகத்திலிருந்து பக்கம் வடிவமைக்கும் தம்பி போன் செய்தார். "அண்ணே, ஒவ்வொரு படத்தைச் சுத்தியும் பெட்டி பெட்டியாத் தெரியுது. மூலையெல்லாம் அழுக்கா இருக்கு."

ஃபைலைத் திறந்து அளந்து பார்த்தேன். தலைக்குப் பின்னால் 243, மூலைகளில் 205. டிஜிட்டல் படத்தில் சுத்த வெள்ளை என்றால் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் 255, சுத்தக் கறுப்பு என்றால் மூன்றும் 0. ஆஃப்செட் அச்சில் 255 உள்ள இடத்தில் மை விழாது, தாள் அப்படியே நிற்கும். 243 என்றால் லேசான புள்ளிகள் விழும். 205 என்றால் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு சாம்பல். பக்கத்திலேயே வெறும் தாளின் வெள்ளை இருப்பதால் அந்தச் சாம்பலின் விளிம்பு கோடு போட்டதுபோல் துல்லியமாகத் தெரிகிறது. கேமராத் திரையில் ஒப்பிட்டுப் பார்க்க வேறு வெள்ளை கிடையாது. படத்தில் எது மிக வெளிச்சமாக இருக்கிறதோ அதையே வெள்ளை என்று கண் எடுத்துக்கொள்ளும். அதனால்தான் அன்றைக்கு எனக்குத் தெரியவில்லை.

இத்தனை வருடம் இந்தக் குறை எப்படிக் கண்ணில் படாமல் இருந்தது என்றும் யோசித்தேன். அமெரிக்க விசாவுக்குக் கேட்கும் 2 அங்குலச் சதுரப் படத்தில் பின்னணி வெள்ளையாகவோ வெள்ளையை ஒட்டியோ இருந்தால் போதும் என்பதுதான் விதி. அந்த வேலைக்கு 243 தாராளமாகப் போதும். படமும் தனித்தாளில் வெட்டப்பட்டுப் போகிறது. மலரின் பக்கத்தில் அந்தச் சலுகை கிடையாது.

சாம்பல் எங்கிருந்து வந்தது என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு. முகத்தருகே வைத்துப் படும் ஒளியை அளக்கும் மீட்டர், 18 சதவீதம் ஒளியைத் திருப்பும் நடுச்சாம்பலை மனதில் வைத்துத்தான் அளவு சொல்கிறது. நல்ல வெள்ளைக் காகிதம் ஏறக்குறைய 90 சதவீதம் திருப்பும். அது நடுச்சாம்பலைப்போல் ஐந்து மடங்கு, ஸ்டாப் கணக்கில் 2.3 (ஒளி இரட்டித்தால் ஒரு ஸ்டாப் கூடியது என்போம்). ஆகவே முகத்தில் விழும் அதே எஃப்/8 காகிதத்திலும் விழுந்தால், காகிதம் 240-ஐ ஒட்டி வந்து நிற்கும். வெள்ளைதான், ஆனால் தொட்டால் மை ஒட்டும் வெள்ளை. மேலே ஏற இன்னும் கொஞ்சம் ஒளி தேவை. என் படங்களில் நடுவில் அந்த அளவுதான் இருந்தது. ஒற்றை விளக்கு நடுவில் குவிந்ததால் மூலைகளுக்கு அதுவும் போய்ச் சேரவில்லை. அங்கே முக்கால் ஸ்டாப் வரை குறைந்திருந்தது.

இதே காகிதத்தை வைத்துத் தனி விளக்கே இல்லாமல் வேலை செய்தவர் உண்டு. ரிச்சர்ட் அவேடான் 1979 முதல் 1984 வரை அமெரிக்காவின் மேற்குப் பகுதிகளில் சுரங்கத் தொழிலாளர்களையும் மாடு மேய்ப்பவர்களையும் வெள்ளைக் காகிதத்துக்கு முன் நிற்க வைத்து, கட்டட நிழலின் வெளிச்சத்திலேயே எடுத்தார். 8-க்கு 10 அங்குல ஃபிலிம் கேமரா. ஆளுக்கும் காகிதத்துக்கும் ஒரே நிழல் வெளிச்சம். அவர் படத்தில் வெள்ளை எவ்வளவு வெள்ளை என்பது இருட்டறையில் பிரின்ட் போடும்போது தீர்மானமானது, படம் சட்டத்தோடு தனியாகவும் நின்றது. எனக்கு அந்த வசதி இல்லை. என் வெள்ளை, அச்சகத்தின் தாளோடு பொருந்தியாக வேண்டும்.

இரண்டாம் சனிக்கிழமை: காணாமல் போன முடி

வெளிச்சம் குறைவு என்பது தெரிந்துவிட்டது, கூட்டினால் சரியாகிவிடும் என்று நினைத்தேன். 400 வாட் விளக்குகள் இரண்டையும் பின்னால் கொண்டுபோய் இரு பக்கமும் வைத்துச் சக்தியை ஏற்றினேன். காகிதத்தில் மீட்டர் எஃப்/16. முகத்தைவிட இரண்டு ஸ்டாப் அதிகம். ஸ்டூல் அதே 3 அடியில்தான் இருந்தது. 14 பேரை எடுத்தேன். மூலைக்கு மூலை 255. அன்று மாலை வரை மனநிறைவாக இருந்தது.

இரவு பெரிய திரையில் திறந்தபோதுதான் பார்த்தேன். ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர், எண்பதைத் தாண்டியவர். பஞ்சுபோன்ற வெள்ளை முடி, வெளுத்த வெள்ளைச் சட்டை. படத்தில் அவர் நெற்றிக்கு மேலே முடியே இல்லை. வழுக்கைத் தலையும் அல்ல, தலை எங்கே முடிகிறது என்றே தெரியவில்லை. காதின் ஓரம் ஒளி ஊடுருவிச் சிவந்திருந்தது. இடத்தோள் பின்னணியில் கரைந்துபோய், கழுத்துப்பட்டி மட்டும் காற்றில் மிதந்தது. கறுப்புக் கண்ணாடிச் சட்டம் கறுப்பாக இல்லாமல் வெளிறிய சாம்பலாக இருந்தது. அளந்தால் 45. முதல் வாரப் படங்களில் அதேபோன்ற சட்டம் 12-தான். ஹிஸ்டோகிராமின், அதாவது கறுப்பு முதல் வெள்ளை வரை படத்தில் எது எவ்வளவு என்று காட்டும் வரைபடத்தின், இடது (கறுப்பு) ஓரம் முழுக்கக் காலி. முகத்தின் மேல் மெல்லிய வெண்புகை படிந்ததுபோல் ஒரு வெளிறல், 14 படங்களிலும்.

கம்ப்யூட்டரில் கறுப்பை இழுத்துப் பார்த்தேன். புகை ஓரளவு விலகியது. முடி வரவில்லை. 255-ஐத் தொட்டுவிட்ட இடத்தில் மீட்க எதுவும் பதிந்திருக்காது. இந்த வேலையில் இரண்டு தவறும் ஒரே எடை கொண்டவை அல்ல. முதல் வாரத்து 19 படங்களில் 15-ஐ மூலைகளை வெளுப்பாக்கிச் சரிசெய்ய முடிந்தது. இரண்டாம் வாரத்து 14-ல் கறுத்த முடியும் வண்ணச் சேலையும் இருந்த 3 படங்கள்தான் தேறின. சந்தேகம் வந்தால் பின்னணியைக் கொஞ்சம் குறைவாக வைத்து எடுப்பதே மேல் என்பதை அன்றிலிருந்து கடைப்பிடிக்கிறேன்.

செவ்வாய் இரவுச் சோதனை

எதிர்க்கடை ஜவுளிக்காரரிடம் தலையோடு இருக்கும் பொம்மை ஒன்றை இரவல் வாங்கினேன். வெள்ளைச் சட்டை மாட்டி, தலையில் பஞ்சை இழை இழையாகப் பிரித்து ஒட்டினோம் நானும் உதவிப் பையனும். அந்தப் பஞ்சு இழைகள் எத்தனை மிஞ்சுகின்றன என்பதுதான் எங்கள் அளவுகோல்.

முதலில் இரண்டாம் சனிக்கிழமை அமைப்பை அப்படியே வைத்து, முன்விளக்கை மட்டும் அணைத்து ஒரு படம் எடுத்தோம். பின்னணி விளக்கு பின்னணிக்கு மட்டும்தான் என்றால் பொம்மை கரிக்கட்டை நிழலாக வர வேண்டும். வரவில்லை. இரண்டு கன்னமும் பளிச்சென்று தெரிந்தன, தோள் எரிந்தது. மீட்டரைப் பொம்மையின் பிடரியில் வைத்துக் காகிதத்தை நோக்கித் திருப்பினேன். எஃப்/11! முகத்துக்கு நான் கொடுத்ததே எஃப்/8-தான். என் முக்கிய விளக்கைவிடப் பலமான விளக்கு ஒன்று அந்த மனிதர்களின் முதுகுக்குப் பின்னால் எரிந்திருக்கிறது. 9 அடி அகலத்துக்கு ஒளி வீசும் வெள்ளைச் சுவர், 3 அடி தூரத்தில்.

இந்த ஒரு படத்தை இப்போது எந்த வெள்ளைப் பின்னணி வேலைக்கும் முதலில் எடுத்துவிடுகிறேன். முன்விளக்கை அணைத்து, ஆளை உட்கார வைத்து, ஒரு கிளிக். அரை நிமிட வேலை. என்ன கோளாறு என்பதை அது காட்டிக்கொடுத்துவிடும்.

அந்தப் படம் இன்னொன்றையும் காட்டியது. பொம்மையின் வலது கன்னத்தில் பட்ட ஒளி பச்சையாக இருந்தது. பக்கவிளக்கு சுவரில் பட்டு, பெயிண்டின் நிறத்தை வாங்கிக்கொண்டு வந்திருக்கிறது. ஆசிரியர்கள் சிலரின் முகத்தில் ஒரு நோய்க்களை தெரிந்ததற்குக் காரணம் அதுதான். அன்றைக்குக் கறுப்புத் துணியால் சுவரை மூடினோம். பிறகு மெருகில்லாத சாம்பல் பெயிண்டே அடித்துவிட்டேன்.

அப்புறம் விளக்கின் அளவு. பொம்மையை 8 அடி முன்னால் நகர்த்தி, முகத்துக்கு எஃப்/8 என்பதை மாற்றாமல், காகிதத்தின் ஒளியை மூன்றில் ஒரு ஸ்டாப் வீதம் கூட்டிக்கொண்டே போனோம். முகத்துக்குச் சமமாக இருந்தபோது காகிதம் 241. மூன்றில் ஒன்று கூட்டியபோது 250. மூன்றில் இரண்டு கூட்டியபோது எல்லாப் புள்ளியும் 255. அதற்கு மேல் ஒரு ஸ்டாப், ஒன்றரை, இரண்டு என்று ஏற்றியும் காகிதத்தின் எண் மாறவில்லை. மாற முடியாது, 255-க்கு மேல் எண்ணே இல்லை. மாறியதெல்லாம் பஞ்சுதான். மூன்றில் இரண்டில் எல்லா இழையும் இருந்தது. ஒரு ஸ்டாப்பில் நுனிகள் மெலிந்தன. இரண்டு ஸ்டாப்பில் மண்டையை ஒட்டிய அடர்த்தி மட்டும் மிஞ்சியது. ஆக, நான் இரண்டாம் வாரம் கூட்டிய இரண்டு ஸ்டாப்பில் ஒன்றேகாலுக்கும் அதிகமான பகுதி பின்னணிக்கு எந்தப் பயனும் தரவில்லை. அது முழுக்க ஆளின் விளிம்பைத் தின்னவும் லென்ஸுக்குள் சிதறிப் புகைபோடவும்தான் போயிருக்கிறது.

இந்த மூன்றில் இரண்டு என்பது என் கேமராவுக்கும் என் காகிதத்துக்கும் வந்த எண். வேறு காகிதம், துணி, சுவர் என்றால் கொஞ்சம் முன்பின்னாக இருக்கும். ஒரு ஸ்டாப்பைத் தாண்ட வேண்டியிருந்தால் காகிதம் பழுப்பேறியிருக்கிறதா, ஒளி சமமாக விழவில்லையா என்று முதலில் பாருங்கள். விளக்கை ஏற்றுவது கடைசியாக இருக்கட்டும்.

தூரம், துணி, பலகை

மூன்று அடியில் இருந்து எட்டு அடிக்கு நகர்த்தியதால் பிடரியில் விழும் ஒளி எவ்வளவு குறைந்தது? காகிதத்தின் ஒளி எஃப்/16-லிருந்து எஃப்/10-க்கு இறங்கியதையும் சேர்த்து, பிடரியில் எஃப்/5. இன்னும் குறைக்க வேண்டும், ஆனால் 20 அடி அறையில் பின்னால் போக இடமில்லை. அங்கேதான் ஒரு கணக்கு கைகொடுத்தது.

85 மி.மீ. லென்ஸை நிமிர்த்திப் பிடித்து 7 அடி தூரத்தில் உள்ள ஆளை எடுத்தால், ஆள் இருக்கும் இடத்தில் கேமரா பார்க்கும் அகலம் 2 அடிதான். அதற்கு 8 அடி பின்னால், அதாவது கேமராவிலிருந்து 15 அடியில் உள்ள காகிதத்தில் அது பார்க்கும் அகலம் 4 அடி 3 அங்குலம், உயரம் ஆறரை அடிக்குள். நான் 9 அடி அகலத்துக்கும் ஒளி ஊட்டிக்கொண்டிருந்தேன். படத்தில் வராத பாதிக் காகிதம் முகத்துக்குப் பின்னால் புகை போடுவதற்காக மட்டுமே எரிந்துகொண்டிருந்தது. இரு பக்கமும் கறுப்புத் துணியைத் தொங்கவிட்டு நடுவில் 5 அடி மட்டும் திறந்து வைத்தோம். பிடரியில் எஃப்/3.5 பக்கம் வந்தது. முகத்தின் எஃப்/8-ஐவிட இரண்டு ஸ்டாப்புக்கு மேல் குறைவு. முன்விளக்கை அணைத்து எடுத்தால் பொம்மை இப்போது கறுப்பு நிழல்.

சிறிய ஸ்டுடியோக்காரர்களுக்கு இது நல்ல செய்தி என்று நினைக்கிறேன். மார்பளவுப் படத்துக்கு 9 அடி ரோல் வேண்டியதே இல்லை. 1.35 மீட்டர் ரோல் என்பது 4 அடி 5 அங்குலம், இந்த அமைப்பில் ஓரம் தட்டாமல் சரியாகப் போதும். பணமும் மிச்சம், ஒளிச் சிதறலும் மிச்சம். நீளம் இல்லாத அறையில் அகலத்தைக் குறைப்பது, பாதித் தூரத்தைச் சம்பாதித்ததுபோல.

பின்விளக்குகளை வைக்கும் கோணத்தையும் மாற்றினோம். முன்பு இரண்டும் காகிதத்தின் நடுவைப் பார்த்தன. இப்போது இடது விளக்கு காகிதத்தின் வலது மூன்றில் ஒரு பகுதியையும், வலது விளக்கு இடப்பகுதியையும் பார்க்கும்படி குறுக்காகத் திருப்பினோம். தன் பக்கத்து ஓரத்துக்கு விளிம்பு ஒளியும், தூரத்து ஓரத்துக்கு நடு ஒளியும் போவதால் இரண்டும் கலந்து சமமாகும். காகிதத்தில் ஒன்பது இடங்களில் மீட்டர் வைத்து, அதிகத்துக்கும் குறைவுக்கும் உள்ள வித்தியாசம் கால் ஸ்டாப்புக்குள் வரும்வரை நகர்த்தினோம். முக்கால் மணி நேரம் ஆனது. இதில் அவசரப்படக் கூடாது. மூலை சமமாக இல்லாவிட்டால், மூலைக்காக விளக்கை ஏற்றுவோம், நடு எரியும், முடி போகும்.

இந்த விளக்குகளின் பக்கவெளிச்சம் நேரே ஆளின் காதில் படாமல் இருக்க, விளக்குக்கும் ஆளுக்கும் நடுவே தடுப்பு வேண்டும். போர்டு எழுதும் கடைகளில் 8-க்கு 4 அடி சன்போர்டு (எடை குறைந்த வெள்ளைப் பலகை) கிடைக்கிறது. நான்கு வாங்கி, இரண்டிரண்டாகப் புத்தகம்போல் டேப்பால் ஒட்டி, ஒரு முகத்தில் மட்டும் மெருகில்லாத கறுப்பு அடித்தேன். வெள்ளை முகம் பின்விளக்கைப் பார்க்கும், கறுப்பு முகம் ஆளைப் பார்க்கும். இந்தக் கறுப்பு முகம்தான் அடுத்துச் சொல்லப்போகும் விஷயத்துக்கு உயிர்.

லென்ஸ் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முன்னால் போட்டிருந்த பாதுகாப்புக் கண்ணாடியைக் கழற்றினேன், பக்கவெளிச்சத்தைத் தடுக்கும் ஹூட் மாட்டினேன், லென்ஸைத் துடைத்தேன். கண்ணாடிச் சட்டத்தின் கறுப்பு அதனால் மட்டும் ஏழெட்டு எண் இறங்கியது.

வெள்ளைச் சட்டை

மலருக்கு வந்த ஓய்வுபெற்ற ஆண் ஆசிரியர்களில் பாதிப்பேருக்கு மேல் வெள்ளைச் சட்டை, வேட்டி. "வேறு நிறத்தில் சட்டை போட்டு வாருங்கள்" என்று சொல்லியனுப்பலாம் என்று மலர்க்குழுவில் ஒருவர் யோசனை சொன்னார். நான் மறுத்துவிட்டேன். முப்பது வருடம் வகுப்பில் வெள்ளைச் சட்டையோடு நின்றவரை மாணவர்கள் அப்படித்தான் நினைவு வைத்திருப்பார்கள். என் விளக்கின் வசதிக்காக அவர் மாறக் கூடாது.

வெள்ளைச் சட்டையும் காகிதத்துக்கு நெருக்கமாகவே ஒளியைத் திருப்பும். முகத்துக்குச் சரியான ஒளி கொடுத்தால் சட்டை 235, 240 என்று நிற்கும். பின்னணி 255. இரண்டுக்கும் இடையில் இருப்பது ஒரு கீற்று வித்தியாசம். இதில் நம் ஊர் முகநிறத்தையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். கறுத்த முகத்தில் விவரம் வேண்டும் என்று எக்ஸ்போஷரை அரை ஸ்டாப் கூட்டினால் முகம் அழகாக வரும், சட்டை பின்னணியோடு போய்ச் சேரும். முகத்தையும் சட்டையையும் தனித்தனியாகத்தான் கவனிக்க வேண்டும்.

இரண்டு காரியம் செய்தோம். சாஃப்ட்பாக்ஸைச் சற்று உயர்த்தி, அதன் கீழ்ப்பாதியிலிருந்து சட்டைக்குப் போகும் ஒளியின் வழியில் ஜன்னலுக்கு அடிக்கும் கறுப்புக் கொசுவலைத் துண்டு ஒன்றைத் தனி ஸ்டாண்டில் தொங்கவிட்டோம். முகத்தில் எஃப்/8 மாறவில்லை. மார்பில் அரை ஸ்டாப் குறைந்தது. சட்டை 220-ஐ ஒட்டி இறங்கியது. மடிப்புகளும் பையில் செருகிய பேனாவும் தெரிந்தன.

இரண்டாவது, அந்தக் கறுப்புச் சன்போர்டுகள். படத்தில் விழாத அளவுக்கு மட்டும் விலக்கி, ஆளின் இரு பக்கமும் கிட்டத்தில் நிறுத்தினோம். துணியின் ஓரம் பக்கவாட்டில் எதைப் பார்க்கிறதோ அதைத்தான் திருப்பும். வெள்ளைச் சுவரைப் பார்த்தால் வெள்ளை, கறுப்புப் பலகையைப் பார்த்தால் நிழல். தோளின் விளிம்பில், கையின் ஓரத்தில், காதுக்குப் பின்னால் மெல்லிய சாம்பல் கோடு ஒன்று பென்சிலால் வரைந்ததுபோல் வந்தது. நரைமுடியின் ஒவ்வொரு இழைக்கும் அப்படியே. வெள்ளைப் பின்னணியில் கண்ணாடித் தம்ளரைப் படம் எடுப்பவர்கள் இரு பக்கமும் கறுப்பு அட்டை வைப்பது இதே காரணத்துக்குத்தான். தம்ளரின் விளிம்பு அதனால்தான் தெரிகிறது. ஆளுக்கும் அதையே செய்யலாம் என்று எனக்குத் தோன்ற இத்தனை நாள் ஆயிற்று. மறுபக்கம் வைத்திருந்த வெள்ளைத் தெர்மாகோலை முழுக்க எடுக்கவில்லை. முகத்துக்கு எதிரே மட்டும் சின்னத் துண்டாக வெட்டி வைத்தேன், கண்ணுக்குக் கீழ் உள்ள குழிகளுக்காக.

நீலம் போட்டு வெளுத்த சட்டைகள் இன்னொரு பாடம். சலவைப் பொடிகளில் இருக்கும் வெளுப்பூட்டிகள் கண்ணுக்குத் தெரியாத புறஊதா ஒளியை வாங்கி நீலமாகத் திருப்பித் தரும். பூச்சில்லாத ஃப்ளாஷ் குழாயில் புறஊதா உண்டு. பின்விளக்கின் மூடாத ஒளி தோளில் பட்ட இடங்களில் சட்டை வானநீலமாகவே வந்தது. தடுப்புப் பலகை வந்தபிறகு அதில் பெரும்பகுதி போய்விட்டது, சாஃப்ட்பாக்ஸின் துணி வழியாக வரும் ஒளியில் அந்தக் கோளாறு மிகக் குறைவு. மிஞ்சிய லேசான நீலத்தை நான் எடுக்கவில்லை. நேரில் பார்த்தாலும் அந்தச் சட்டைகள் அப்படித்தான் இருக்கின்றன.

மூன்றாம் சனிக்கிழமை

மீதமிருந்த 10 பேர், திரும்ப எடுக்க வேண்டியவர்கள் 15 பேர். முதல் வாரத்தில் 4, இரண்டாம் வாரத்தில் 11. ஒவ்வொருவருக்கும் நானே போன் செய்து, தவறு என்னுடையது என்று சொல்லி அழைத்தேன். வெளியூர் போய்விட்ட ஒருவருக்காக ஞாயிறு காலையும் ஸ்டுடியோவைத் திறந்தேன்.

தமிழாசிரியர் மாடிப்படி ஏறி வருவதற்குள் மூச்சு வாங்கியது. உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தேன். "என்ன தம்பி, முதல் படத்தில் நான் கண்ணை மூடிவிட்டேனா?" என்று கேட்டார்.

"இல்லைங்க ஐயா. உங்க முடி படத்தில் வரலை."

"இருக்கிறதே கொஞ்சம், அதையும் விட்டுவிடாதே" என்று சொல்லி, பையிலிருந்து சீப்பை எடுத்து வாரிக்கொண்டார்.

ஆறு படம் எடுத்தேன். மூன்றாவதிலேயே கிடைத்துவிட்டது. நெற்றிக்கு மேல் காற்றில் எழுந்து நின்ற நான்கைந்து இழைகள்கூடத் தனித்தனியாகத் தெரிந்தன. பின்னணி 255. கண்ணாடிச் சட்டம் 14.

மற்றவர்கள் வேகமாக முடிந்தார்கள். தரையில் டேப் ஒட்டி ஸ்டூல், கேமரா, விளக்குகள் எல்லாவற்றுக்கும் இடம் குறித்திருந்ததால் ஆளுக்கு நான்கு நிமிடம்தான் ஆனது. உயரமானவர்கள் வந்தால் ஸ்டூலைத் தாழ்த்தினோம், விளக்கைத் தொடவில்லை. பத்துப் பேருக்கு ஒருமுறை காகிதத்தில் மீட்டர் வைத்துப் பார்த்தேன்.

கம்ப்யூட்டரில் செய்தது கொஞ்சம்தான். ஃபோட்டோஷாப்பில் த்ரெஷோல்ட் லேயர் ஒன்றை 254-ல் வைத்தால், அதற்குக் கீழே உள்ள எல்லாம் கறுப்பாகத் தெரியும். பின்னணியில் எங்காவது கறுப்புத் திட்டு இருந்தால் அதை மட்டும் வெளுப்பாக்கிவிட்டு லேயரை நீக்கிவிடலாம். பெரும்பாலான படங்களில் கீழ் மூலையில் ஒரு விரல் அகலத்துக்குத்தான் திட்டு இருந்தது. முதல் வாரம் அச்சகத்துத் தம்பி பின்னணியைக் கத்தரித்து எடுத்துவிடலாமா என்று கேட்டிருந்தார். முடியைக் கத்தரித்தால் தலையில் தொப்பி மாட்டியதுபோல் ஆகிவிடும். அதற்காகத்தான் கேமராவிலேயே வெள்ளை வேண்டும் என்று இவ்வளவு பாடு.

மல்லிகைப் பூ

ஒரே ஒரு படம் மட்டும் இந்த எண்களுக்குள் அடங்கவில்லை. கணக்கு டீச்சர் ஒருவர், அடர்த்தியாக மல்லிகைச் சரம் வைத்து, சற்றுப் பக்கவாட்டில் திரும்பி உட்கார்ந்தார். சரத்தின் மேற்பகுதி கறுத்த கூந்தல்மேல் இருந்ததால் அழகாகத் தெரிந்தது. கழுத்துக்குப் பின்னால் தொங்கிய நான்கு பூக்களுக்குப் பின்னால் மட்டும் வெறும் காகிதம். மெல்லிய இதழ், பின்னாலிருந்து ஒளி ஊடுருவியதும் இரண்டு பூ மறைந்துவிட்டது. கறுப்புப் பலகையை எவ்வளவு கிட்டத்தில் கொண்டுவந்தும் இதழின் ஓரத்தில் நிழல் ஏறவில்லை.

"பூவை எடுத்துரவா தம்பி?" என்று டீச்சரே கேட்டார். வேண்டாம் என்று சொன்னேன். அந்த ஒரு படத்துக்கு மட்டும் பின்விளக்கை மூன்றில் ஒரு ஸ்டாப் இறக்கினேன். காகிதம் 250-க்கு வந்தது, நான்கு பூக்களும் வந்தன. பிறகு கம்ப்யூட்டரில் மற்ற இடமெல்லாம் 255 ஆக்கிவிட்டு, பூவைச் சுற்றி ஓர் அங்குலம் மட்டும் 250-லேயே விட்டு, ஓரம் தெரியாமல் கலந்துவிட்டேன். மலர் அச்சாகி வந்ததும் முதலில் அந்தப் பக்கத்தைத்தான் ஜன்னலோரம் கொண்டுபோய்ச் சாய்த்துப் பார்த்தேன். பூ நான்கும் இருந்தன. சுற்றியுள்ள சாம்பல், இருக்கிறது என்று தெரிந்து தேடிய என் கண்ணுக்குக்கூடத் தட்டுப்படவில்லை.